விதைநெல்லை மணந்து பார்த்த வெள்ளைக்காரர்

சூறாவளி அடித்த அடுத்த வருடம் நடந்தது இது. கல்முனைக்குக் கிட்ட, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அப்போது முழுக்கூரையோடு நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் வீட்டிலும் நெல் போட்டுவைக்கும் பெரிய அறை வானத்தைப் பார்த்தபடிதான் கிடந்தது. முன்பக்கத்து இரண்டு அறைகள் மட்டும் எப்படியோ தப்பிவிட்டன. இடிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்ட வந்த இரண்டு வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்குத் தங்க இடமில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றதும் அதனால்தான்.

என் கணவர் நல்லவர். ஆனால் கோபம் மூக்குநுனியில் குடியிருக்கும். பெரியவர்கள் முகத்துக்காகச் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை போட்டார். குடி என்ற சாமான் இந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது. வந்தவர்களில் ஒருவர் பெல்ஜியம், மற்றவர் ஜெர்மனி. இரண்டு பேரும் நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொண்டார்கள். கடைசி நாள் வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாய்க்கு யாரும் நிபந்தனை போடவில்லையே!

பின்னேரம் வேலை முடிந்து, கிணற்றில் குளித்து, சாறனைக் கட்டிக்கொண்டு விறாந்தையில் வந்து உட்காருவார்கள். முன்னால் நான் ஊற்றி அனுப்பும் பிளேன்டீ இருக்கும். கதை தொடங்கும். கதை முழுக்கப் பியர்தான். இருவரின் பாஷையும் வேறு என்பதால் இங்கிலீஷில் கதைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷை விரும்பிப் படித்தவள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் இருந்து கேட்பேன். அந்த வருடத்தில் எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது?

பெல்ஜியம்காரர் தன் நாட்டுப் பியர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், கலியாண வீட்டுக்குப் போய் வந்த பெண் நகைகளைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளாஸ் இருக்கிறதாம். வேறு கிளாஸில் ஊற்றினால் அது பாவமாம். மடத்துத் துறவிகள் காய்ச்சும் கறுப்பு ஒன்று. செரிப்பழம் போட்டு ஊறவைக்கும் சிவப்பு ஒன்று. தொட்டியைத் திறந்து வைத்துவிட்டு, காற்றில் வருவதைக் கொண்டே புளிக்க விடும் ஒன்று. கோதுமையில் செய்து, கொத்தமல்லியும் ஆரஞ்சு என்னும் தோடம்பழத் தோலும் சேர்க்கும் வெள்ளை ஒன்று.

ஜெர்மன்காரருக்கு இந்தக் கடைசியைக் கேட்டால் போதும், கதிரையை விட்டு எழும்பிவிடுவார். பார்லி, தண்ணீர், கசப்புக்கு ஒரு கொடியின் பூ, நுரைக்க வைக்கும் ஈஸ்ட். இவ்வளவுக்கு மேல் ஒன்றைப் போட்டால் அது பியரல்ல, மருந்து என்பார். அவருடைய ஊரிலோ பார்லியைப் புகையில் காயவைத்துச் செய்வார்களாம். அதைக் குடிப்பதற்குக் கருவாட்டைக் கரைத்துக் குடிக்கலாம் என்று பெல்ஜியம்காரர் திருப்பிக் கொடுப்பார். நான் சிரிப்பை அடக்கச் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வேன்.

“என்ன புள்ள கதைக்கானுகள், இம்புட்டு நேரமா?” என்று எங்களோடு இருந்த என் உம்மா கேட்பா.

“பியரப் பத்தித்தான் உம்மா. அவர்ர நாட்டுல கொத்தமல்லி போட்டுக் காய்ச்சுவாகளாம்.”

“கொத்தமல்லியா? அது தடிமனுக்குக் குடிக்கிறதுதானே? பாவம், என்ன வருத்தமோ அந்தப் புள்ளைக்கு!”

நோன்பு மாதம் வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஆண்கள் என்ன கதைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். எந்தப் பள்ளிவாசல் நோன்புக்கஞ்சியில் இறைச்சி கூட, எந்த ஊரில் தேங்காய்ப்பால் தாராளம், மருதமுனைக் கஞ்சியா சாய்ந்தமருதுக் கஞ்சியா என்று விறாந்தையில் பெரிய வழக்கே நடக்கும். ஒருநாள் பெல்ஜியம்காரர், இவர்கள் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவர் ஜெர்மன்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாங்கள் செய்வதும் இதுதானே என்றார்கள். இதை என் கணவரிடம் சொன்னேன். கஞ்சியையும் பியரையும் ஒரே வாயால் சொல்லாதே என்று என்மேல்தான் பாய்ந்தார்.

பெரும்போகம் வந்தது. முந்தின வருடத்துப் போகம் சூறாவளியோடு போய்விட்டது. வீட்டில் விதைக்கென்று ஒரு மணி நெல்லும் மிஞ்சவில்லை. வரிப்பத்தான்சேனையில் கணவரின் மச்சான் ஒருவர், தன் பங்கைக் குறைத்துக்கொண்டு எங்களுக்கு விதைநெல் தந்திருந்தார். அது கெட்டால் வேறு நெல் கிடையாது, கேட்கவும் முகம் கிடையாது. நாவிதன்வெளிப் பக்கம் இருந்த எங்கள் வயல் உழுது, சேறடித்து, பலகையிட்டு, விதைப்புக்கு ஆயத்தமாகக் கிடந்தது.

கணவர் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி நெல்லை ஊறப்போட்டார். ஊறியதும் நீரை வடித்து, சாக்குகளில் கட்டி, முளைவிடுவதற்காக அறையில் அடுக்கினார். பெரிய அறைக்குக் கூரையில்லாததால், சூறாவளிக்குப் பிறகு தகரக் கூரை போட்டிருந்த பக்கத்துச் சின்ன அறைக்குள் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலால் மூடினார்.

அடுத்த நாள் பின்னேரம் அந்த அறை வாசலில் பெல்ஜியம்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஜெர்மன்காரரைக் கூப்பிட்டு அவரையும் மணக்கச் சொன்னார். வெள்ளரிக்காய் வெட்டினது போல மணக்கிறது, பார் என்றார். அவருடைய வாப்பா பார்லியை முளைக்க வைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். பார்லியையும் இப்படித்தான் ஊறவைத்து முளைக்க விடுவார்களாம். பியர் தொடங்குவதே இந்த மணத்தில்தானாம். சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. எத்தனையோ நாட்களாக நாங்கள் பிளேன்டீயோடு கேட்டுச் சிரித்த கதையெல்லாம் அந்த மனிதரின் வீட்டு ஞாபகம் என்பது அப்போதுதான் விளங்கியது.

வெள்ளைக்காரன் விதைநெல்லை மணந்து பார்க்கிறான் என்ற கதை வயல் வேலைக்கு வந்தவர் ஒருவர் மூலம் கணவரின் காதுக்குப் போனது. என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டார். நான் கேட்டதைச் சொன்னேன்.

“நம்மட விதநெல்லுல சாராயம் காய்ச்சப் பாக்கானா அவன்?”

“அல்லாஹ்வே, இல்ல. மணந்து பாத்தாரு, அவ்வளவுதான்.”

“பிஸ்மி சொல்லி ஊறப்போட்ட நெல்லு இது. இனி ஒருத்தரும் அந்தக் கதவத் துறக்கப்படா. விதைப்பு முடியட்டும், வேற இடம் பாக்கச் சொல்லு.”

கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பூட்டுப் போட்டுத் திறப்பை என் கையில் தந்தார்.

மறுநாள் விடியற்காலையில் ஆள் வந்தது. வரிப்பத்தான்சேனையில், எங்களுக்கு விதைநெல் தந்த அதே மச்சானின் தாய் மௌத்து. கணவரும் உம்மாவும் ஜனாஸாவுக்குப் புறப்பட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் நான் போகவில்லை. மழைக்கு முன்னால் வரும் அந்தப் புழுக்கம் தெரியுமா, இலைகூட அசையாது, அப்படியொரு நாள். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்ன நேரத்தில் தகரக் கூரை நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இரண்டு பேரும் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். பெல்ஜியம்காரர் மூக்கை உயர்த்தினார். பிறகு என் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். வெள்ளரிக்காய் மணம் போய்விட்டது, புளித்த மணம் வருகிறது, உள்ளே சூடு ஏறிவிட்டது, இப்போதே திறந்து பரப்பாவிட்டால் பின்னேரத்துக்குள் விதை செத்துப்போகும்.

திறக்கப்படாது என்று சொன்னவர் வீட்டில் இல்லை. கேட்டு அனுப்பவும் வழியில்லை. இந்த மனிதர் சொல்வதை நம்புவதா? பியரைத் தவிர வேறு எதையும் பற்றி இவர் ஆர்வமாகக் கதைத்து நான் கேட்டதேயில்லை. பூட்டைத் திறந்து நான் மட்டும் உள்ளே போனேன். வைக்கோலை விலக்கி, நடுச் சாக்குக்குள் கையை விட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சோற்றுப்பானைக்குள் கை விட்டது போல இருந்தது.

சாக்கை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வயலில். இந்த இரண்டு பேரையும் விட்டால் ஆளில்லை. உள்ளே விட்டால் கணவர் என்ன சொல்வார்? ஆண்துணை இல்லாத வீட்டின் உள்பக்கத்துக்கு அந்நிய ஆண்களை எப்படி வரச்சொல்வது? விடாவிட்டால் அடுத்த வருடம் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுப்பது? கடைசியில் பிள்ளைதான் வென்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, வாருங்கள் என்றேன்.

அவர்கள் உடனே வரவில்லை. பெல்ஜியம்காரர் நேரே கிணற்றடிக்குப் போனார். எங்கள் ஆண்கள் தொழுகைக்கு முன்னால் எப்படிக் கழுவுவார்கள் என்று தினமும் பார்த்திருப்பார் போல. கையைக் கழுவினார், வாய் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவினார். ஜெர்மன்காரரையும் கழுவச் சொன்னார். பிறகுதான் விதைநெல்லைத் தொடலாமா என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

சாக்குகளைத் தூக்கிவந்து விறாந்தை முழுக்கப் பாய் விரித்துக் கொட்டினார்கள். மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, முழங்காலில் நின்றபடி இரண்டு கையாலும் அடியில் விட்டுப் புரட்டினார்கள். முளை ஒடியாமல் எப்படிப் புரட்டுவது என்று பெல்ஜியம்காரர் காட்டிக்கொடுத்தார். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கின இடத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியிருந்தது. அப்போதும் வாய் ஓயவில்லை. எங்கள் ஊர்ப் பியர் இவ்வளவு சுவையாக இருப்பதற்குக் காரணம் இந்தப் புரட்டல்தான் என்றார் ஒருவர். இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதில் ஏன் கொத்தமல்லியைக் கொட்டுகிறீர்கள் என்றார் மற்றவர். வேலைக்குத் திரும்பிப் போவதையே மறந்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கிட்ட கணவரும் உம்மாவும் வந்தார்கள். படலையைத் திறந்த கணவர் அங்கேயே நின்றார். விறாந்தை முழுக்கத் தன் விதைநெல். அதன் நடுவில் வியர்த்து ஒழுகும் இரண்டு வெள்ளைக்காரர்கள். தூணோரம் நான்.

“ஆரு துறந்த?”

“நான்தான். சாக்கு வெந்து போச்சு. அவருதான் மணந்து சொன்னாரு.”

அவர் வந்து குனிந்து ஒரு பிடி அள்ளினார். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். பல் போல எட்டிப்பார்த்த முளை வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த குவியலையும் போய்ப் பார்த்தார். அது நடுச் சாக்கில் இருந்த நெல், அவிந்து நிறம் மாறிவிட்டது. மற்றதெல்லாம் தப்பியிருந்தது. அந்தக் குவியலையும் பூட்டுத் தொங்கிய கதவையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். காற்றுப் போக வழியில்லாமல் சாத்தியது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொழுதுவிட்டு வந்தார். கதிரை கிடக்க, பாயின் ஓரத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து நெல்லைப் புரட்டத் தொடங்கினார். பிறகு திரைப்பக்கம் திரும்பி என்னிடம் சொன்னார்.

“மூணு பேருக்கும் டீ போடு புள்ள. அந்தக் கொத்தமல்லி போட்ட சாமான எப்பிடிச் செய்யிறயென்டு கேட்டுச் சொல்லு. குடிக்க இல்ல, கேக்கத்தான்.”

நான் கேட்டேன். பெல்ஜியம்காரரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அவர் கொத்தமல்லியில் தொடங்கவில்லை, தன் வாப்பாவில் தொடங்கினார். அந்தப் பார்லித் தூசியிலேயே நெஞ்சு கெட்டு மௌத்தாகிப் போனவராம். சின்ன வயதில் இவரும் அவரோடு முழங்காலில் நின்று பார்லி புரட்டினாராம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒரு தானியத்தைப் புரட்டுகிறாராம். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, என் கணவர் தலையை நிமிர்த்தாமல் நெல்லைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

நெல்லை விதைத்தோம். முளைத்தது. வெள்ளைக்காரன் கை பட்ட விதை என்று ஒருவர் தெருவில் வம்புக்கு இழுத்தபோது, கணவர் சைக்கிளை நிறுத்தி, “கழுவிட்டுத்தான் தொட்டாக” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். வேறு இடம் பார்க்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. புது நெல்லைக் குற்றிச் சமைத்த முதல் சோற்றை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போனார்கள்.

இன்றைக்கும் விதைநெல் முளைகட்டும் நாட்களில் எங்கள் வீட்டில் அந்த அறையை யாரும் பூட்டுவதில்லை. எங்களுக்கு விலக்கப்பட்டது விலக்கப்பட்டதுதான். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் நமக்கு ஆகாத ஒன்றின் மேல் ஒருவர் வைத்த பிரியம்கூட நம் பிள்ளையின் சோற்றைக் காப்பாற்றலாம் என்பதை நான் கண்ணால் கண்டவள். அதனால் பியர் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், எங்கள் கிணற்றடியில் யாரும் சொல்லாமலே கை கால் கழுவிக்கொண்டு நின்ற அந்த மனிதர்தான் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறார்.