நான் போட்ட கும்பிடு

அம்மனை நம்பி வாழும் அன்பர்களே, உயிரோடு இருந்த ஒரு மனிதனை நான் சாகடித்துவிட்டேன். கத்தியால் அல்ல, கைப்பேசியால். தாய் கருமாரி அதை எப்படித் திருத்தினாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாவது வரை படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தூள் கூட்டப் போனவன், அதே எஸ்டேட்டில் சொந்த லேத் பட்டறை போட்டேன். எவன் தயவும் இல்லை, எல்லாம் நானே. இதைச் சொல்லாமல் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்துகூட நான் எழுந்ததில்லை.

கொரோனா இரண்டாம் அலை. சித்திரை மாதம். எனக்கும் தொற்று வந்து மாடி அறையில் கிடந்தேன். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் அன்னதானக் குழு அப்போது போனிலேயே நடந்தது. சோறு, மருந்து, ஆக்சிஜன் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சென்னீர்குப்பம் அடுக்குமாடியில் இருந்தபடி செல்வி என்ற, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் பட்டியல் பார்த்தாள். திருவேற்காட்டு ஷேர் வேன் டிரைவர் பாபு கொண்டுபோய்க் கொடுப்பான். தலைவர் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை திருநின்றவூரிலிருந்து மல்லிகா போன் செய்தாள். அவள் புருஷன் தணிகாசலம் என்னோடு ஒரே மெஷினில் நின்றவன். "அண்ணே, மூச்சு விட முடியல அவருக்கு" என்று அழுதாள். செல்வியிடம் சொல்லிப் பட்டியலில் ஏற்றினேன். என்னால் ஆகாதது உண்டா?

மத்தியானம் செல்வி குழுவில் கேட்டிருந்தாள். சிலிண்டர் ஆவடி வந்துவிட்டது, தணிகாசலம் ஐயா எப்படி இருக்கிறார் என்று. எனக்குப் போனில் எழுத வராது. எதற்கும் இரண்டு கை கூப்பிய படத்தைத் தட்டிவிடுவேன். அம்மா பார்த்துக்கொள்வாள் என்ற அர்த்தத்தில் அன்றும் தட்டினேன். கண் அசந்துவிட்டேன்.

மல்லிகாவின் போன்தான் எழுப்பியது. சிலிண்டர் வரவில்லை. செல்வியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஐயா, அவர்தான் தவறிட்டாரே!"

"யாரும்மா சொன்னது?"

"நீங்கதானய்யா! எப்படி இருக்காருன்னு கேட்டதுக்குக் கும்பிடு போட்டீங்களே. கீழ எட்டுப் பேர் ஆழ்ந்த இரங்கல் போட்டிருக்காங்க."

அந்த மாதம் குழுவில் கும்பிடு என்றால் சாவு. தினமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலிண்டரைப் பூந்தமல்லியில் இன்னொரு அம்மாவுக்குத் திருப்பச் சொல்லி பாபுவிடம் செல்வி சொல்லிவிட்டாள். பாபு போனை எடுக்கவில்லை. வேறு சிலிண்டர் எங்கும் இல்லை.

எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்தால் வீட்டில் பேரக் குழந்தைகள். இரண்டு அடி வைத்தால் எனக்கே மூச்சு முட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மல்லிகா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கப் பயந்தேன். "தாயே, எனக்கு ஒன்றும் தெரியாது. என்னால் ஒன்றும் ஆகாது" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அழுதேன்.

சாயந்திரம் பாபுவே கூப்பிட்டான்.

"இன்னா நைனா, சாவு ஊடுன்னு வந்தா அண்ணாத்தே உக்காந்துகினு மூச்சு வாங்கிகினு கீறாரு! பூக்கடை மூடிக் கீது, தப்பிச்சேன். இல்லன்னா மாலையோட வந்து நின்னிருப்பேன்!"

"சிலிண்டர்?"

"மாட்டியாச்சு நைனா. அவரே உன்னத் திட்டுறாரு, கேளு."

தொற்றில் செத்தவனை யார் தொடுவார்கள், மல்லிகா தனியாக என்ன செய்வாள் என்று நினைத்துப் பாடை தூக்க வந்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை. பட்டியலிலும் இல்லை. பூந்தமல்லி அம்மாவுக்கு அதற்குள் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருந்ததால் சிலிண்டர் வேனிலேயே இருந்தது என்று செல்வி பிறகு சொன்னாள். பிணம் தூக்கக் கிளம்பியவனைப் பிராணவாயு சுமக்க வைத்தது யார்? நானா?

தணிகாசலம் பிழைத்தான். தலைவர் பதவியைச் செல்விக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சொல்லித்தான் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பப் பழகினேன். பந்தியில் இப்போதும் வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்கிறேன்.

கை ஓய்ந்து கதவுக்குள் கிடப்பவர்களே, உங்கள் தப்பையும் சேர்த்து அவளிடம் சொல்லுங்கள். நான் வெட்கத்தோடுதான் சொன்னேன். அதையும் கேட்டாள்.