உச்சி வெயிலில் நின்ற சோலார்

மாடியில் சோலார் தகடுகள் ஏறிய அன்றே, பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பொருத்த வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற ஆளா?

வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் பேக்கரிக்காக மதிலை ஒட்டி டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தார். அந்தப் புகை இவருக்கு ஆகவில்லை. மதிலோரம் நின்று சண்டை போட்டு, அதை அவர் வீட்டின் மறுபக்கம் மாற்ற வைத்தேன். அதோடு பேச்சும் நின்றது.

இந்தச் சித்திரையில் தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி. ஒருநாள் உச்சிப்பொழுதில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மெஷின் நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. சோலார்காரருக்கு போன் போட்டேன்.

"அன்னைக்கே சொல்ல வந்தேம்லா அக்கா. லைன்ல கரண்டு இல்லேன்னா சோலாரும் தானா நின்னுரும். கம்பத்துல ஏறுதவனுக்கு ஷாக் அடிக்கப்பிடாதுல்லா. பேட்டரி இருந்தாத்தான் ஓடும்."

கரண்ட் ஆபீசில், சாயங்காலம் ஆகும் என்றார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதன் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவருடைய உதடு நீலம் பாரித்தது. என் திமிரை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. மதிலுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, சாருக்கு மூச்சு முட்டுகு. கரண்டு வேணும்."

பழசைச் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒயரு அவ்வளவு தூரம் எட்டாது பிள்ளே. ஜெனரேட்டரத்தான் இங்கன உருட்டணும். கேட்ட தெறந்து வா, ஒரு கை பிடி."

இருவருமாகத் தள்ளி, நான் துரத்திய அதே இடத்துக்கே ஜெனரேட்டரைக் கொண்டுவந்தோம். ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. ஆக்சிஜன் மெஷின் மறுபடி ஓடியது. ஒயருக்கு விட்ட இடைவெளியில் சேலையைச் சுருட்டி அடைத்தேன். அப்படியும் புகை நுழைந்து இவர் இருமினார்.

அந்த இருமல் அண்ணாச்சிக்குக் கேட்டிருக்க வேண்டும். "சாருக்குப் புகை ஆகாதுல்லா, நிப்பாட்டட்டா?" என்றார்.

"ஐயோ அண்ணாச்சி, நிப்பாட்டிராதீங்கோ!" என்று கத்தினேன்.

போன வருஷம் இதே மதிலோரம் நின்று, "நிப்பாட்டுங்கோ" என்று தெருவே கேட்கக் கத்தியவளும் நான்தான்.