ஒப்பாரிக்குப் பிறகு இடைவேளை

எங்கள் டூரிங் டாக்கீஸில் பூனை எலியைத் துரத்தும் பொம்மைப் படம் ஓடினால், முதலாளியம்மா சகிலா மெஷின் அறைக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எலி ரொட்டியைத் திருடினால் வெட்சி, பூனை மீட்கப் போனால் கரந்தை. எலி வளைக்குள் புகுந்துகொண்டதும், "இது நொச்சி, கோபால்சாமி. வெளியில பூனை முற்றுகை போட்டுக்கினு நிக்குதே, அது உழிஞை" என்பார். பழைய போர்ப் பாட்டுகளை வகை பிரிக்க இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்களாம். நான் ஃபிலிம் அறுந்துவிடாமல் பார்ப்பேனா, பூனைக்கு இலக்கணம் கேட்பேனா? "சரிம்மா" என்று சொல்லி வைப்பேன்.

அவர் வாணியம்பாடிக்காரர். கல்யாணமான பிறகும் வீட்டிலிருந்தபடியே படித்து வித்வான் பரீட்சையில் தேறியவர். வேலைக்குப் போக வீட்டில் ஒப்பவில்லை. படித்த படிப்பை எங்கேயாவது இறக்கியாக வேண்டுமே, சினிமாப் பாட்டின் மேல் இறக்கினார். கதாநாயகி காத்திருந்து பாடினால் முல்லை, கோபித்துக்கொண்டு பாடினால் மருதம். அவர் கணவர் ஷஃபியுல்லாதான் டாக்கீஸ் முதலாளி. "பாட்டு ஓடுச்சா, ஜனம் குந்திச்சா, அதான் இலக்கணம்" என்று கேலி செய்வார்.

ஐம்பத்தெட்டில் சந்தவாசலில் கொட்டகை போட்டோம். அது என் சொந்த ஊர். என் மனைவி மங்கம்மாள் ஜவ்வாது மலைக்காரி, அப்போது முழுகாமல் இருந்தாள். முன்பு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறையும் நான் எங்கோ ஓர் ஊரில் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறையாவது பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கொட்டகை சந்தவாசலில் நிற்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நிற்காது போலிருந்தது. சாமை அறுப்பு முடிந்து மலைச் சனம் கூட்டமாக இறங்கி வரும், பாதிப் படத்தில் எழுந்து போய்விடும். படத்தில் யாராவது செத்து, ஒருத்தி மேலே விழுந்து ஒப்பாரிப் பாட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் மலைக்காரர்கள் அத்தனை பேரும் துண்டை உதறிக்கொண்டு வெளியேறுவார்கள். திரும்பி வரமாட்டார்கள். அந்தக் காலத்தில் யாரும் சாகாத படம் ஏது? அவர்கள் போவதைப் பார்த்து, படம் நன்றாக இல்லை என்று ஊர்க்காரர்களும் வராமல் போனார்கள். "மலைக்கு அந்தாண்ட திருப்பத்தூர் பக்கம் போய்ட்லாம்" என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

சகிலா அம்மா விடவில்லை. அழுகையை மாற்ற நகைச்சுவைதான் வழி என்று சொல்லி, ஒப்பாரி முடிந்த கையோடு பொம்மைப் படத்தை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பூனை வழுக்கி விழுந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று, "இன்னாய்யா, சாவு வூட்ல சிரிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மறுநாள் மலையிலிருந்து வந்தவர்களே கொஞ்சம்.

அதற்கடுத்த நாள் காலையில் அம்மா என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"பாட்டுன்னா யார் பாட்றாங்கன்னு பார்க்கணும், யார் கேக்கறாங்கன்னும் பார்க்கணும். இலக்கணத்துல ரெண்டும் சொல்லியிருக்குது. நான் பாட்றவளையே பாத்துக்கினு இருந்துட்டேன். கேக்கறவங்க யாரு, கோபால்சாமி?"

"மலைக்காரங்கம்மா."

"உங்க வூட்டுக்காரம்மா எந்த ஊரு?"

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அப்போதே அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மங்கம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"சாவுப் பாட்டு காதுல வுழுந்தா தண்ணி வூத்திக்காம எங்க ஊர்ல குந்த மாட்டோம்மா. ஓடைக்குப் போய்ட்டு அப்படியே வூட்டுக்குப் போயிடுவாங்க. அவ்ளோ தூரம் போனப்புறம் எங்க திரும்பி வர்றது?"

"அது படந்தானே, மங்கம்மா?"

"படந்தாம்மா. அழுதது நாங்க நெசமாத்தானே அழுதோம்?"

"அப்போ தண்ணிய நாமளே குடுப்போம்" என்று சகிலா அம்மா எழுந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்பாரி முடிகிற இடத்தில் ரீல் தீரும்படி வெட்டி ஒட்டினேன். கொட்டகை வாசலில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பிச் சொம்புகள் வைத்தோம். அதுவரை முன்வாசலுக்கே வராத சகிலா அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே வந்து நின்றார். "வூத்திக்கினு உள்ள வாங்க, மீதிக் கதை இருக்குது" என்று வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். முதலாளி தடுக்காமல் அண்டாவுக்குத் தண்ணீர் சுமந்தார்.

சனம் தலையையும் காலையும் நனைத்துக்கொண்டது. தயங்கியது. பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய் மணலில் உட்கார்ந்தார்கள். நான் பொம்மைப் படத்தை ஓட்டினேன். எலி வளைக்குள் பாய்ந்ததும் கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மெஷின் பக்கத்தில் நின்று அழுதேன். கொட்டகை சந்தவாசலிலேயே நின்றது.

மாசியில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கொட்டகைக்கு ஓடி வந்தாள். மங்கம்மாளுக்கு வலி கண்டு, ரத்தம் நிற்கவில்லை. விளம்பர வேனில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போளூருக்குப் பறந்தோம். முதலாளி ஓட்டினார். சகிலா அம்மா மடியில் மங்கம்மாள் தலை இருந்தது, அவள் கை என் கையில் இருந்தது. தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. திருப்பத்தூரில் இருந்திருந்தால், மலையைச் சுற்றிக்கொண்டு எனக்குத் தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குழந்தைக்கு வடிவு என்று சகிலா அம்மாதான் பெயர் வைத்தார்.

அறுபத்தேழில் அவர் வாணியம்பாடியில் காலமானார். நானும் மங்கம்மாளும் போய்விட்டு வந்தோம். அந்த வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. அமைதியாக ஓதிக்கொண்டிருந்தார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் மங்கம்மாள் வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். நான் வெளியிலேயே நின்றிருந்தேன், உள்ளே போக மனம் வரவில்லை. அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தாள்.

"வூத்திக்கினு உள்ள வாங்க" என்றாள். "மீதிக் கதை இருக்குது."