பிளெக்ஸில் ஒரு மூலை

தக்கலையில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் அஸ்வதிக்கு ஏழு வருஷ வேலை. கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, செத்தவருக்கே கோட்டு மாட்டிவிடுகிற கை அவளுடையது.

அவளுடைய அப்பா பகவதியப்பன், அம்மா இறந்த மறுவருஷமே பூதப்பாண்டியில் முத்துக்கனியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அஸ்வதி இரணியலில் மாமா வீட்டில். ஐம்பத்தாறு வயதில் அப்பாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டும் இருபத்தெட்டாம் நாள் சடங்குக்குப் பத்தடி பிளெக்ஸ் வேண்டுமென்று மகளிடமே வந்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து விழுந்தன. முத்துக்கனியின் அண்ணன்மார் மூன்று பேர், கத்தாரில் யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கும் தம்பி, வார்டு மெம்பர், பால்காரர். கடைசியில் டைகர் என்ற நாய். அஸ்வதி இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவள் படம் இல்லை. வாசகமும் வந்தது: ‘எங்கள் வீட்டின் முதல் வாரிசே, வருக!’ அப்போ நான் யாராம், வழியில் கிடந்து எடுத்த பிள்ளையா? அப்பாவுக்கு மறதி அதிகம், பாவம் என்று தேற்றிக்கொண்டாள்.

பிள்ளைக்குக் கிரீடம் வைத்துச் சிங்கத்தின்மேல் உட்காரவைத்தாள். வலது மூலையில், நாய்க்குப் பக்கத்தில், பட்டுச்சேலை கட்டிய தன் படத்தை வைத்தாள். அப்பா பாராட்ட வேண்டாம். எடுக்கச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மறுநாள் பகவதியப்பன் கம்ப்யூட்டர் முன் குனிந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

“மெம்பரு கொள்ளாம். டைகரும் கொள்ளாம்.” விரல் மூலையில் நின்றது. “மக்கா, இது வேண்டாம் கேட்டியா. விளம்பரத்துக்கு கடைப்பேரை மட்டும் சின்னதா போட்டா போதும்லா?”

“விளம்பரம் இல்லப்பா. அது நானாக்கும்.”

“நீதான்னு தெரியுதுல்லா. ஒங்க முதலாளி போடச் சொல்லியிருப்பாரு. நாம எதுக்கு அவருக்கு ஓசியில விளம்பரம் குடுக்கணும்? அந்த எடத்துல டைகரைக் கொஞ்சம் பெருசாக்கு.”

அட பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு படத்தை நீக்கினாள். நாயைப் பெரிதாக்கினாள். கண்ணீர் மறைத்ததால் வால் வெட்டுப்பட்டுப் போனது, அதையும் சரிசெய்தாள்.

படியிறங்கியவர் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை நீயும் வந்திரு மக்கா.”

சட்டென்று நிமிர்ந்தாள்.

“பிளெக்ஸைக் கொண்டுவர ஒரு ஆளு வேணும்லா.”

“அன்னைக்குக் கடை உண்டு,” என்றாள் அஸ்வதி. பச்சைப் பொய். ஏழு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அந்தக் கடை திறந்ததில்லை, அது அப்பாவுக்கும் தெரியும். கடையாவது மண்ணாவது, நீ வா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாரமில்ல மக்கா, பரவால்ல,” என்றார் பகவதியப்பன், நிம்மதியாக. “பிளெக்ஸை ஆட்டோவுல கேத்தி விட்டிரு.”