புதுவீட்டுப் புல்லுக்குக் காவல்

ஜொகூரின் மாசாயில் நாங்கள் வாங்கிய வீடு தெருமுனையில் இருந்ததால், மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு துண்டு மண் எங்களுக்குப் பக்கவாட்டில் கிடைத்தது. அம்மா மனத்துக்குள்ளேயே அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டு முடித்திருந்தார். அப்பாவோ ஒரு சனிக்கிழமை லோரி நிறையப் புல்லைக் கொண்டுவந்து இறக்கினார்.

"என்னாங்க இது? காசு குடுத்துப் புல்லு வாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்," என்றார் அம்மா. எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குப் புல் என்றால் வெட்டுவதற்கும் மருந்தடித்துக் கொல்வதற்கும் உரியது.

அப்பா மண்ணைச் சமப்படுத்தி, சதுரமாக வெட்டிய புல் பத்தைகளை நெருக்கி அடுக்கி, சந்துகளில் மணலைத் தூவினார். வேர் பிடிக்கும்வரை காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், யாரும் மிதிக்கக் கூடாது. அவருக்கோ பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஆகவே ரப்பர் குழாய் ஒன்பது வயதான என் கைக்கு வந்தது.

"ஒருத்தரும் கால வைக்கக் கூடாதும்மா. யாரா இருந்தாலும்," என்றார்.

அந்த 'யாரா இருந்தாலும்' என் தலைக்கு ஏறிவிட்டது. பந்து பொறுக்க வந்த பையன்களும் பூனைகளும் பாரபட்சமின்றி நனைந்தார்கள். தினமும் ஒரு பத்தையின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். வேலை முடிந்து வரும் அப்பா, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "புடிச்சிருச்சா?" என்பார்.

புதுமனை புகுவிழாவுக்குள் பிடித்தாக வேண்டும். அன்று பெரியப்பா வருகிறார், அவர் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை. பெரியப்பா லாயாங் லாயாங் பக்கம் எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டவர். சிறுவயதில் அவரும் அப்பாவும் துரை பங்களாவில் புல் வெட்டியிருக்கிறார்கள். வெட்டும்போது தவிர அந்தப் புல்லில் கால் வைக்கக் கூடாதாம்; வைத்தால் பின்னாலிருந்து துரை கத்துவாராம். அவ்வளவு அனுபவம் உள்ளவர், நம் புல்லுக்கு மதிப்பெண் போடத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு மாடும் வரும் என்பதை அப்பாவும் நானும் மறந்தே போனோம். பசுவும் கன்றும் முதலில் நுழைந்தால்தான் அம்மாவுக்கு அது வீடு. லோரியிலிருந்து இறங்கிய பசு வாசல் தோரணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே புல்லில் வாய் வைத்தது. சரியாக வேர் பிடிக்காத ஒரு பத்தை மண்ணோடு எழும்பி அதன் வாயில் தொங்கியது. மகாலட்சுமியே சாப்பிடுகிறாள் என்று அத்தைமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் குழாயைத் திறந்துவிட்டேன். நனைந்த மகாலட்சுமி பத்தையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள், கன்றும் பின்னாலேயே ஓடியது. நல்ல நேரம் தவறவில்லை என்று குருக்களே சொன்னார். அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பத்தையைப் பழைய இடத்தில் வைத்து அமுக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று ஜொகூரிலேயே என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது.

பெரியப்பா பஸ் மாறி வந்துசேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தோளில் ஒரு வாழைத்தார். வாசலிலேயே நின்று புல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலிப்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலை மெல்ல எடுத்து வைத்தார்.

"மிதிக்கக் கூடாது!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். ஓரச் சிமெண்டில் ஒதுங்கி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியாம வச்சிட்டேங்க," என்றார்.

சாம்பார் வாளியோடு வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டார். பாராட்டப் போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியப்பாவின் கையைப் பிடித்தார்.

"நடுவுல நடண்ணே. இது நம்ம புல்லு."

புல்லின் நடுவில் நாற்காலி போட்டு, அங்கேயே அவருக்குச் சாப்பாடு கொடுத்தார். நாற்காலிக் கால்கள் புல்லில் புதைந்தன. பெரியப்பா சோற்றைத் தொடாமல், வெறுங்காலால் புல்லைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சட்டம் போட்டவரே அதை மீறுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதர் என் ஒரு சத்தத்துக்குக் காலை இழுத்துக்கொண்டாரே! அந்தப் பெருமையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் காதில் விழுந்தது யாருடைய குரல் என்று அப்போது எனக்குத் தெரியாது.