காது சொன்னதும் கருவி சொன்னதும்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் துல்லியம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், உள்ளூர அதில் அவளுக்குப் பெருமைதான். வீட்டில் கணவர் வேறு மாதிரி சொல்வார்: "இவகிட்ட ஏழு மணிக்குக் கிளம்பணும்னு சொல்லிட்டா போச்சு. ஆறு அம்பத்தஞ்சுக்கே செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு நம்மள முறைப்பா."

வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. தொலைபேசியில் நாம் பேசுவது துண்டு துண்டாகத்தான் அந்தப் பக்கம் போகிறது, நொடிக்கு ஐம்பது துண்டு. எந்தத் துண்டை எப்போது அனுப்புவது என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிற நிரலை எழுதியவள் அவள். பேருந்து நிலையத்தில் விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிடுகிற ஆளின் வேலை மாதிரி. விசில் தாமதமானால் பின்னால் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். தன் விசில் ஒருநாளும் பிசகாது என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வினையே அதில்தான் வந்தது.

சோதனைப் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேச்சு சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எல்லோருக்கும் அவர் 'காது'. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் துல்லியத்தின் மேசைக்கு வந்து, "ஒரு மணி நேரம் தாண்டினா பேச்சு அங்கங்க அறுந்து போகுதும்மா" என்றார்.

அவள் தன் அளவுக் கருவியை ஓடவிட்டுப் பார்த்தாள். அந்தக் கருவியும் அவள் எழுதிய நிரல்தான். அங்கே எந்தச் சோதனையும் பத்து நிமிடம்தான். பத்து நிமிடத்தில் தெரியாத குறை குறையே இல்லை என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இருபது மில்லிநொடி, இம்மி பிசகவில்லை. "பாருங்க சார், சுத்தமா இருக்கு" என்றாள். அவர் விடாமல் மறுபடி மறுபடி வந்து அதையே சொன்னார். அவளுக்கு எரிச்சல். அறிக்கையில் எழுதிவிட்டாள்: நிரலில் குறை இல்லை, கேட்பவர் தம் செவியைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மேலாளர் அதை வைத்தே அவரைக் கீழ்த்தளத்துக் கேபிள் அறைக்கு மாற்றிவிட்டார். மனிதர் மறுபேச்சு பேசாமல் டீ கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

போன வெள்ளிக்கிழமை அவள் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தாள். வழக்கம்போல நோட்டில் மணியும் குறித்துக்கொண்டாள்: மாலை ஆறு. அதற்குள் கீழே கணவர் ஹாரன் அடித்தார், நாத்தனார் வீடு மாறுகிறாள், சாமான் கட்டப் போகவேண்டும். சோதனையை நிறுத்த மறந்தே போனாள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளி ஆறிலிருந்து திங்கள் ஒன்பது வரை அறுபத்துமூன்று மணி நேரம். கருவியோ ஓடிய நேரத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது.

நோட்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு நிரலைத் திறந்தாள். கணினிக்குள் நேரத்தை எண்ணுகிற துடிப்பை மைக்ரோநொடியாக மாற்றுகிற இடத்தில், வகுத்து வந்த மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் உதறியிருந்தாள். தம்மாத்துண்டு மிச்சம். ஆனால் ஒவ்வொரு துண்டும் அந்த அளவு தாமதமாகக் கிளம்பி, ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. காத்திருக்கும் துண்டுகளின் வரிசை நிரம்பி வழிந்து, இடமில்லாதவை விழுந்துவிடுகின்றன; பேச்சு அங்கேதான் அறுகிறது. அளவுக் கருவிக்கும் அதே கணக்கைத்தான் எடுத்துப் போட்டிருந்தாள். ஒரே கோளாறு இரண்டிலும் இருந்தால் ஒன்று மற்றொன்றை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

திருத்தம் இரண்டே வரி: மிச்சத்தை உதறாமல் அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று நான்கு மணி நேரம் தானே ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஓரிடத்திலும் பேச்சு அறுபடவில்லை.

மேலாளர் சந்தோஷப்பட்டார். "சின்னத் திருத்தம்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க. பழைய கதையை யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள்தான். அவள் இடத்துக்கு வந்து தன் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தாள். வெட்கமாக இருந்தது. பிறகு பிரிவில் இருக்கும் அத்தனை பேருக்கும் எழுதினாள்: பிழை என்னுடையது, மூத்தவர் கேட்டது சரி, என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், அவரை மறுபடி சோதனைப் பிரிவுக்கே அழைக்க வேண்டும்.

கேபிள் அறையில் அவர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

அவர் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார். "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

"டாக்டரும் அதத்தான் சொன்னார். நான்தான் நம்பல. உங்க கருவி தப்பா சொல்லாதுன்னு நெனச்சேன்." கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். "மக ஞாயித்துக்கிழமை தவறாம பேசுவாம்மா. ஒரு மாசமா அவ குரல் ஒரு மாதிரியா இருக்கு. அழுதுட்டுப் பேசுற மாதிரி. என் காதுக் கோளாறுன்னு நெனச்சு, என்னன்னு கேக்காமலே விட்டுட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினார்.

"அப்பாதாம்மா. ஒண்ணுமில்ல, சும்மாதான். கொஞ்ச நாளாவே உன் குரல் சரியில்லயே, என்னம்மா ஆச்சு?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. லைன் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பெண் பேசத் தொடங்கினாள். அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, "சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். துல்லியம் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.