எட்டுக் கிலோவுக்குள் கோகோ

அத்தை பாரிசுக்குப் போகப்போகிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்; எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா இறந்துபோனபின் எங்கள் மாடியில் தனியாக இருந்தாள், துணைக்குக் கோகோ என்கிற பொமரேனியன் நாய். இனி என்னோடயே இருங்கம்மா என்று பாரிசிலிருந்த மகன் டிக்கெட் போட்டுவிட்டான். கோகோவும் போகிறதாம். அத்தைக்காவது அங்கே பேரன் பேத்தி இருக்கிறார்கள். எனக்குக் கோகோவை விட்டால் யார் இருக்கிறார்கள்? எனக்கு அப்போது ஒன்பது வயது. நியாயம் அப்படித்தான் தெரிந்தது.

விமானத்தில் கோகோ அத்தையின் காலடியிலேயே பயணம் செய்யலாம். ஆனால் பையோடு சேர்த்து எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெட்டிகளோடு கீழே ஏற்றிவிடுவார்களாம். அப்படியானால் நானும் வரமாட்டேன் என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஏற்பாட்டைச் சித்தப்பா கையில் எடுத்துக்கொண்டார். சேதராப்பட்டு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. நாயை முன்கூட்டியே பைக்குப் பழக்க வேண்டும், அத்தை கட்டிய புடவையைக் கிழித்துத் துவைக்காமல் உள்ளே விரித்தால் அந்த வாசனைக்கு அடங்கிக் கிடக்கும் என்று அத்தையின் மகன் போனில் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, மாலைதோறும் ஒத்திகை நடத்தினார். அத்தை நாற்காலியில், கோகோ பைக்குள், பக்கத்தில் எஞ்சினுக்குப் பதில் கிரைண்டர்.

"பெல்ட்டு போட்டுக்கக்கா, ஏறப் போவுது!" என்பார். நடுவில் மேகம் வந்துவிட்டதாகச் சொல்லிப் பையை அவரே உலுக்குவார். கோகோ முதல் நாளே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது. அத்தைதான் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவாள்.

"மூச்சு முட்டுதுடா, நிறுத்து."

"நாயி பாஸு, நீ பெயிலுக்கா!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடை பார்க்க வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போவோம். அங்கே நாங்கள் வாடிக்கையாக மீன் வாங்கும் மீன்கார அம்மாவின் தராசில்தான் சித்தப்பாவுக்கு நம்பிக்கை. "இன்னா மீனுய்யா இது, செதிலயே காணோம்?" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா பையைத் தூக்கி வைத்தார். முதல் வாரம் ஏழே கால்.

மறுநாள் நான் என் வேலையை ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் கிளம்புமுன் யாருக்கும் தெரியாமல் தினம் இரண்டு பிஸ்கட். பாவம் என்று தெரியும், தெரிந்தேதான் கொடுத்தேன். எடை ஏழரை, ஏழே முக்கால் என்று ஏறியது. கோகோவுக்கு இனிமேல் கேரட்டும் வெறுஞ்சோறும்தான் என்றார் சித்தப்பா. அடுத்த வாரம் எட்டு. கடற்காற்றின் ஈரத்தைப் பை உறிஞ்சுகிறது என்று கண்டுபிடித்து, அதை மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னார். நான் பையை உதறினேன். புடவைத் துண்டுக்குள்ளிருந்து வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள் விழுந்தன. எலி வேலை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எட்டரை. மீன்கார அம்மா இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். "மிசினு பொய் சொல்லாதுய்யா" என்றார். சித்தப்பா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை மகனிடம் போனில் பேசினாள். "இத்த உட்டுட்டு நான் எப்டிப்பா வர்றது? லீவுல நீ புள்ளைங்கள கூட்டியா." டிக்கெட் ரத்தானது.

ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பேரன் பேத்தியிடமிருந்து அத்தையைப் பிரித்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. மாடிக்கு ஓடினேன்.

"அத்தே, நாந்தான் கோகோவுக்குத் தினம் பிஸ்கட்டு குடுத்தேன்."

"எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

அத்தை கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். அலமாரியிலிருந்து ரொட்டியை எடுத்து, தாராளமாக வெண்ணெய் தடவி, பாதியை எனக்கும் பாதியைக் கோகோவுக்கும் கொடுத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

இவ்வளவு பெரிய குற்றத்தை ஒரே சிரிப்பில் மன்னித்த அத்தையை அன்றே புனிதர்கள் வரிசையில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அந்த ஒன்றே கால் கிலோவையும் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். சாமியார் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று பத்தையும் நானே சொல்லி முடித்தேன். அதில் எட்டையாவது அத்தை சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.